ரொட்டித் தட்டு சுற்றி வரும்வரை

பாட்டு தொடங்கிவிட்டது, எழுந்திரு, ரொட்டியை உடைக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுவதற்குள் தயாளன் எழுந்து மேசைமேல் விரித்த வெள்ளைத் துணியைப் பாதி மடித்துவிட்டான், அவன் எப்போதும் முந்திக்கொள்வான். திருவிருந்து மேசைக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேர், எதிரே நாற்காலிகளில் முப்பத்தோரு பேர், தலையை எண்ணும் வேலை எனக்கு இல்லை, ஆனாலும் எண்ணிவிட்டேன், மனசு எதையாவது பிடித்துக்கொண்டு தொங்க வேண்டுமே. நாலு சரணம் பாடி முடிப்பதற்குள் இந்த ஆறு ஸ்லைஸையும் பிய்த்தாக வேண்டும். நான் ஓரத்தை எடுத்துவிட்டு ஒரே அளவாகப் பிய்ப்பேன், சுண்டுவிரல் நகத்தளவு. தயாளன் பிய்ப்பதில் ஒன்று கோழிக்குப் போடுகிற அளவு இருக்கும், ஒன்று வாயை அடைக்கும். போன மாதம் அப்படி ஒரு பெரிய துண்டு ஒரு அம்மாவின் கைக்குப் போய்விட்டது, அடுத்த ஜெபம் முடியும்வரை அவர் மென்றுகொண்டே இருந்தார். அறைக்கு வந்ததும் இதைக்கூட ஒழுங்காகச் செய்யக் கூடாதா என்று கேட்டேன். "பசியோட வந்திருப்பாங்கடா, போவட்டும்" என்றான். இன்றும் அப்படித்தான் பிய்க்கிறான். அவன் விரலில் செம்புக் கம்பி கிழித்த கீறல் இன்னும் ஆறவில்லை. பார்க்காதே, ரொட்டியைப் பார். நாளை மதியம் அவனுக்கு ரயில். கோயமுத்தூரை விட்டு ராஜமுந்திரிக்குப் போகிறான். போகவைத்தது நான். அது அவனுக்குத் தெரியாது, கர்த்தர் அனுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டு, பாட்டின் இரண்டாவது சரணத்தை அட்சரம் பிசகாமல் பாடிக்கொண்டே ரொட்டி பிய்க்கிறான்.

எல்டர் என்றால் மூப்பர். எனக்கு இருபது வயது, அவனுக்கு இருபத்தொன்று, இரண்டு மூப்பர்கள். சிங்காநல்லூர் பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் சட்டையில் இருந்த கறுப்புப் பெயர்ப்பட்டையைப் படித்துவிட்டு, "எல்டருங்களா? அப்ப பெரியவங்க சீட்டுல உக்காருங்க சாமி" என்றார், பஸ்ஸே சிரித்தது, தயாளன் நிஜமாகவே போய் அந்த சீட்டில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினான், இன்னும் சிரித்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றேன். பட்டையில் குடும்பப் பெயர்தான் இருக்க வேண்டும், நமக்கு ஏது குடும்பப் பெயர், ஆகவே அப்பாவின் பெயர். நான் அயனாவரம் ரூபன், ஊழியம் செய்யும் இந்த இரண்டு வருஷத்துக்கு எல்டர் கமலநாதன். அவன் எல்டர் மாணிக்கவேலு. மாணிக்கவேலு கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடியபிறகு தினமும் விடிவதற்குள் ரயிலேறி பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போகிற மனிதர். மகன் ஊழியத்துக்குக் கிளம்பினபோது, "என் பேர நெஞ்சுல குத்திக்கினு ஊரான் வீட்டுக் கதவத் தட்டப் போறியா" என்று கேட்டவர், பதினோரு மாதம் மகனோடு பேசாதவர். இதையெல்லாம் அவன் எனக்குச் சொல்லியிருக்கிறான். எதைத்தான் சொல்லவில்லை? கம்பானியன், அதாவது ஜோடி ஊழியன் என்றால் அப்படி, ஒருவர் கண்ணில் படும்படி, குரல் கேட்கும்படி இன்னொருவர் எப்போதும் இருக்க வேண்டும், குளியலறை ஒன்றுதான் விலக்கு. ஐந்து மாதமாக அவன் குறட்டை எனக்கு அத்துப்படி, என் சாக்ஸ் அவன் காலில். எனக்கு ஜூன் மாதம் அம்மை போட்டதே, நான் வெளியே போக முடியாதென்றால் விதிப்படி அவனும் போக முடியாது, பன்னிரண்டு நாள் அந்த ஒற்றை அறையில் என்னோடு கிடந்தான். எங்கிருந்தோ வேப்பிலை கொண்டுவரச் செய்து பாய் முழுக்கப் பரப்பினான். இதெல்லாம் நாம செய்யலாமா எல்டர் என்று காய்ச்சலிலும் கேட்டேன் பாவி நான். "வேப்பமரத்தப் படைச்சது யாரு? படு" என்றான். அரிப்பில் நான் முகத்தைப் பிறாண்டிக்கொள்ளக் கூடாதென்று ராத்திரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே தூங்கினான். என் முகத்தில் ஒரு வடுகூட இல்லை, கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் இப்போது அதுதான் உறுத்துகிறது.

மூன்றாவது வரிசையில் நாச்சிமுத்து அண்ணன் வந்து உட்கார்ந்திருக்கிறார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பாட்டுப் புத்தகத்தைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைக்கிறார். மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவர். வருகிற சனிக்கிழமை அவருக்கு ஞானஸ்நானம். கதவு கதவாகத் தட்டி, தண்ணீர் கொடுத்து அனுப்பினவர்கள், நாயை அவிழ்த்துவிட்டவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்தபிறகு கிடைத்த ஒரே மனிதர். முதலில் அவரிடம் பேசியது நான். முதல் பாடம் நடத்தியது நான், படம் காட்டியது நான், அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் வசனத்தோடு பதில் சொன்னது நான். ஆனால் அவர் என்னைச் சார் என்பார், தயாளனைத் தம்பி என்பார். இதற்கா? இவ்வளவுதானா? இவ்வளவுதான், இதை எத்தனை தடவை உரித்துப் பார்த்தாலும் வெங்காயம்போல உள்ளே வேறொன்றும் இல்லை. எங்கள் சபையில் டீ, காபி கூடாது, அவருக்கு விடிந்தால் ஏழு டீ. மாலை நாலு மணிதான் அவருக்குக் கண்டம். "நாலு மணியானா காலு தானா பேக்கரிக்குப் போகுதுங்க சார், என்ன பண்றது?" என்று கேட்டார். ஜெபம் பண்ணுங்கள் என்று நான் சொன்னேன். தயாளன் மறுநாளிலிருந்து நாலு மணிக்குக் கடைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். சும்மா உட்காரவில்லை, எரிந்துபோன மோட்டாரைப் பிரிக்க, பழைய கம்பியை உருவ, புதுக் கம்பியைச் சுற்றுக் கணக்கு தப்பாமல் சுற்றக் கற்றுக்கொண்டான். நாலரை தாண்டினால் ஆசை அடங்கிவிடும். "தம்பி, கம்பிய லூசா உடாதீங்க" என்பார் அவர். "அண்ணே, உங்க கண்ணு பேக்கரிப் பக்கம் போவுது, இங்க பாருங்க" என்பான் இவன். இருவரும் சிரிப்பார்கள். நான் பைபிள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் இருப்பேன். "ஏனுங் சார், உங்களுக்குச் சட்ட அழுக்காயிரும், அங்கயே உக்காருங்க" என்பார் மரியாதையாக. அந்த மரியாதையைச் செருப்பால் அடித்த மாதிரி வாங்கிக்கொள்வேன். இன்றைக்கு நாற்பத்தோராம் நாள், அவர் ஒரு டீ குடிக்கவில்லை.

மூன்றாவது சரணம். ஒரு ஸ்லைஸ் பாக்கி இருக்கிறது, தயாளன் அதை இரண்டாகக் கிழித்துப் பாதியை எனக்குக் கொடுக்கிறான். வாங்கிக்கொள்கிறேன், விரல் பட்டுவிடாமல். அந்த நாற்பது நிமிஷம். அன்று வியாழக்கிழமை, நாலு மணி, அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள், எனக்குத் தலைக்கு ஏறியது, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனேன். போனது நான். கடையை விட்டு, தெருவை விட்டு, மெயின் ரோட்டுக்குப் போய் பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன், தேடிக்கொண்டு வரட்டும் என்று. அவன் வரவில்லை. நான் பின்பக்கம் கழிவறைக்குப் போயிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் அந்த மடையன், திரும்பி வந்தபோது, "வயிறு சரியில்லையா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். திங்கட்கிழமை எங்களுக்குத் துணி துவைக்கும் நாள், வீட்டுக்குப் பேசும் நாள், எங்களை ஊர் ஊராக மாற்றி அனுப்பும் ஊழியத் தலைவருக்கு வாராந்தரக் கடிதம் எழுதும் நாள். பாயில் முதுகோடு முதுகு சாய்ந்துகொண்டு ஆளுக்கொரு போனில் எழுதினோம். "எல்டர் மாணிக்கவேலுமேல் உள்ள அன்பினால் இதை எழுதுகிறேன்" என்று ஆரம்பித்தேன். படிப்பு நேரத்தைக் கவனிப்பதில்லை என்று எழுதினேன், அது ஓரளவு உண்மை. தினமும் ஒரே கடையில் நேரம் போகிறது என்றேன், உண்மை. வியாழக்கிழமை நாற்பது நிமிஷம் அவர் என்னைத் தனியே விட்டுவிட்டார் என்று எழுதினேன். எழுதும்போது விரல் நிற்கவில்லை, நடுங்கவில்லை, அதுதான் எனக்குப் புரியவில்லை, திருடனுக்காவது கை நடுங்கும். அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து அவன், "டேய், இத கேளு, சரியா எழுதியிருக்கேனா பாரு" என்று தன் கடிதத்திலிருந்து வாசித்தான், "எல்டர் கமலநாதனிடமிருந்து நிறையக் கற்றுக்கொள்கிறேன், அவரோடு இன்னும் சில மாதம் இருக்க ஆசை." நல்லா இருக்கு என்றேன். சொல்லிவிட்டு என்னுடையதை அனுப்பினேன். ஊழியத் தலைவர் நல்ல மனிதர், அன்று மாலையே பதில் போட்டார், நன்றி எல்டர், இதைப்பற்றி ஜெபிக்கிறேன் என்று. ஜெபித்துத்தான் இருப்பார், ஆனால் அவர் முழங்காலிட்டபோது அவர் முன்னால் இருந்தது என் பொய்.

பாட்டு முடிந்துவிட்டது, உட்கார்ந்தாயிற்று, ரொட்டிக்குத் தயாளன் ஜெபம், திராட்சரசத்துக்குப் பதில் எங்களிடம் தண்ணீர், அதற்கு நான். அவன் முழங்காலிடுகிறான். இந்த ஜெபத்தில் ஒரு சொல் மாறக் கூடாது, மாறினால் முன்வரிசையில் இருக்கும் கிளைத் தலைவர் செல்வின் இல்லை என்று தலையை அசைப்பார், முதலிலிருந்து சொல்ல வேண்டும். என்றைக்கும் தடுமாறுகிறவன் அவன்தான், ஒருமுறை மூன்று தடவை சொல்லி வியர்த்துப்போய் எழுந்தான், நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன், அதையும் சேர்த்துக்கொள். இன்று தண்ணீர் ஓடுவதுபோலச் சொல்கிறான். வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்தே அவனுக்கு இந்தத் தெளிவு. ஊழிய அலுவலகத்திலிருந்து போன் வந்ததும் ஸ்பீக்கரில் போட்டான், ராஜமுந்திரி என்றார்கள், ஈரோட்டில் இன்னொரு எல்டர் ஏறிக்கொள்வார் என்றார்கள். மாற்றச்சொல்லி நான் கேட்கவில்லையே, கண்டிக்கத்தானே எழுதினேன், கண்டிக்கவா எழுதினேன்? அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஞானஸ்நானத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது இப்படியா என்று அவன் கேட்டிருந்தால், ஒரு வார்த்தை திட்டியிருந்தால், நான் அங்கேயே காலில் விழுந்திருப்பேன். திரும்பினபோது அவன் முகம் மலர்ந்திருந்தது. "டேய், எனக்குத் தெலுங்கு வரும்டா! எங்க ஊரு மாரிக்குப்பத்துல பாதிப் பசங்க தெலுங்குதான். இத்தினி நாளு அது எதுக்குன்னே தெரியல, இப்ப புரியுது பாரு. கர்த்தர் சின்ன வயசுலயே ரெடி பண்ணி வெச்சிருக்காரு." நான் ஆமாம் என்று தலையாட்டினேன். என் கடிதத்துக்குக் கர்த்தருடைய கையெழுத்து விழுந்துவிட்டது, நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதோடு நின்றிருந்தால்கூட விழுங்கியிருப்பேன். ஊர் மாறும் செய்தியைச் சொல்ல அனுமதி வாங்கி நேற்றுக் காலை வீட்டுக்குப் பேசினான், அம்மாதான் எடுத்தார், பிறகு போனில் இருமல் கேட்டது, மாணிக்கவேலு. பதினோரு மாதத்துக்குப் பிறகு. "எவன்டா உன்ன அங்க அனுப்புறான், தலைவருங்களா?" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது. "இல்லப்பா, கர்த்தர்ப்பா. எனக்குத் தெலுங்கு தெரியும்னு இங்க யார்கிட்டயும் சொன்னதே இல்ல. அவருக்கு மட்டும்தான் தெரியும். அவரே கூப்புட்றாருப்பா." மறுபடி இருமல் கேட்டது. பிறகு அந்த மனிதர், "அப்படின்னா போய்ட்டு வா சாமி, உடம்பப் பாத்துக்க" என்றார். தயாளன் போனை வைத்துவிட்டு என் தோளில் முகத்தை வைத்து அழுதான், சட்டை நனைந்தது, நான் முதுகைத் தட்டிக்கொடுத்தேன், இந்தக் கையால். இப்போது போய் எப்படிச் சொல்ல? சொன்னால் அவன் அப்பாவையும் பிடுங்கிக்கொள்கிற மாதிரி. சொல்லாமலிருப்பதுதான் அவனுக்கு நல்லது, பார், எவ்வளவு அழகாக எனக்கும் நல்லதாக அமைகிறது. நாச்சிமுத்து அண்ணன்தான் ஒத்துக்கொள்ளவில்லை, "தம்பி இல்லாம தண்ணிக்குள்ள எறங்கறது எப்படிங்க?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "எல்டர் கமலநாதன் குடுப்பாருண்ணே, என்னவிட அவரு சுத்தமா செய்வாரு" என்றான் தயாளன். எனக்கே கிடைத்துவிட்டது. சனிக்கிழமை நான் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு தண்ணீரில் நின்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வேன், அப்போதும் அவர் என்னைச் சார் என்பார்.

ஆமென். செல்வின் சரி என்று தலையை ஆட்டிவிட்டார், ஒரு பிசகும் இல்லை. தட்டுகளை இரண்டு சகோதரர்கள் வாங்கிக்கொண்டு வரிசைக்குப் போகிறார்கள். ஃபேன் சத்தமும் நாற்காலிச் சத்தமும்தான், இந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது, அவரவர் தன்னைத் தானே சோதித்துப் பார்க்க வேண்டிய நேரம். மனதில் பெரிய பாவம் இருப்பவர்கள் எடுக்காமல் தட்டை அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும், தள்ளுகிறவரை யாரும் பார்க்காததுபோல் எல்லோரும் பார்ப்பார்கள். கடிதம் போட்டபிறகு இரண்டு ஞாயிறு வந்துபோய்விட்டன, இரண்டு துண்டையும் நான் எடுத்துத் தின்றேன், தொண்டையில்கூட நிற்கவில்லை. இன்று மூன்றாவது. முதல் வரிசை முடிந்தது. பொய்யாகத்தான் இருக்கட்டும், அவன் சந்தோஷமாகப் போகிறான், அங்கே நன்றாக ஊழியம் செய்வான், பிறகு அது பொய்யென்று எப்படிச் சொல்ல முடியும்? இரண்டாவது வரிசை. என்றைக்காவது தலைவர் அவனை உட்காரவைத்து, அந்த நாற்பது நிமிஷத்தைப்பற்றி என்று ஆரம்பித்தால்? எந்த நாற்பது நிமிஷம் என்று கேட்பான், ராஜமுந்திரியில், நான் இல்லாத இடத்தில். மூன்றாவது வரிசையில் நாச்சிமுத்து அண்ணன் பெரிய துண்டாகப் பார்த்து எடுக்கிறார், எடுத்துவிட்டு மேசையைப் பார்த்துச் சிரிக்கிறார், என்னைப் பார்த்து இல்லை. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, "ரயில்ல போறது நானு, உனக்கேன்டா சோறு இறங்கல?" என்று கேலி செய்தான். நாலாவது வரிசை, ஐந்தாவது வரிசை, தட்டுகள் திரும்பி வருகின்றன. கடைசியில் நாங்கள் இருவர்தான். தயாளன் தட்டை வாங்கி, விதிப்படி, தன் கம்பானியனுக்கு முதலில் நீட்டுகிறான்.

ஓரத்தில் ஒரு துண்டு, என் அளவில் பிய்த்தது, என்னுடையதேதான். கையைத் தூக்குகிறேன், வரவில்லை, மடிமேலேயே கிடக்கிறது. அவன் தட்டை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவருகிறான், நான் கவனிக்கவில்லை என்று நினைக்கிறான் போல. வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறேன். அவன் கண் விரிகிறது. "இன்னாடா?" என்று மூச்சுக் காற்றாகக் கேட்கிறான். "உடம்பா?" வயிறு சரியில்லை என்று சொல்லிவிடலாம், அன்றைக்கு மாதிரி, வாய்வரை வந்துவிட்டது. அவன் முகத்தில் பயம், எனக்காக, நான் என்ன பாவம் செய்தேனோ என்ற பயம், அதைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை. "உன்ன மாத்தினது என் லெட்டர்" என்கிறேன். "தலைவருக்கு நான்தான் எழுதினேன். நாப்பது நிமிஷம் நீ என்ன விட்டுட்டுப் போனேன்னு. போனது நான். பொறாமைடா. பொய் எழுதினேன்." இவ்வளவும் உதட்டை அசைக்காமல், மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டு. அடிக்கட்டும். தட்டை என்மேல் எறியட்டும். அவன் அசையவில்லை. தட்டு அப்படியே என் நெஞ்சுக்கு நேராக நிற்கிறது, செல்வின் பார்க்கத் தொடங்கிவிட்டார். பிறகு கேட்கிறான், கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி, "அப்ப… கர்த்தர் இல்லையா?"

இருக்கலாம் என்று சொல்ல நான் யார், இல்லை என்று சொல்லவும் நான் யார். அவன் தட்டை மேசையில் வைக்கிறான். அவனும் எடுக்கவில்லை. துணியை இழுத்து அதன்மேல் மூடுகிறான், மெதுவாக, சுருக்கம் இல்லாமல், நான் மூடுகிற மாதிரி. எதிரே இருக்கிறவர்களுக்கு நாங்கள் சாப்பிட்டு முடித்த இரண்டு எல்டர்கள். செல்வின் என்னைப் பார்த்து முகவாயை உயர்த்துகிறார், தண்ணீருக்கு நேரமாயிற்று. முழங்காலிடுகிறேன், ஜெபம் அச்சடித்த அட்டை கண்ணுக்கு நேரே இருக்கிறது, பெரிய எழுத்து, முதல் வரியிலேயே கர்த்தரைக் கூப்பிட வேண்டும். வாயைத் திறக்கிறேன். முப்பத்தோரு பேரும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறார்கள். தயாளன் மூடவில்லை. நான் யாரைக் கூப்பிடப் போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.